பதக்கத்துக்கு ஒரு வழியனுப்பு விழா

நான் திருடன் இல்லை. இது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆவடிப் பக்கத்தில் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு இதே வாக்கியத்தை நான் சொல்ல வேண்டி வந்தது. ஸ்பீக்கர் பெட்டி நல்ல பெட்டி. தெருமுனை டீக்கடை வரைக்கும் தெளிவாகக் கேட்டதாம்.

ஷீபா, அருள், உங்கள் அம்மா இந்தக் கதையை விருந்தாளிகளிடம் சொல்ல ஆரம்பித்தால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவதைக் கவனித்திருப்பீர்கள். (ஒரு மனுஷனுக்கு அவ்வளவு தாகம் எடுக்காது.) அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அவளுக்குத் தெரியாத ஒரு கால்வாசி இருக்கிறது, அது இன்னும் மோசம். அதனால் நானே எழுதிவைக்கிறேன். பத்தாவதும் ஐடிஐயும் படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கதையைத் திருத்தாதீர்கள்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புக்கு ஷாஃப்ட் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகர். மண்ணூர்பேட்டையில் நம் பழைய வீடு. லேத்தில் கடைந்து வரும் ஷாஃப்டை வெள்ளைக் கையுறை போட்டு எடுக்க வேண்டும். வெர்னியர் வைத்து அளக்க வேண்டும். வெளிச்சத்தில் திருப்பிக் கீறல் பார்க்க வேண்டும். பிறகு படிவத்தில் ஓக்கே, ரீவொர்க், ரிஜெக்ட் என்று இருக்கும் மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும். இதையே வருஷக்கணக்கில் செய்தால் கை சும்மா இருக்காது. உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி டம்ளரைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தேன் என்று உங்கள் மாமா இன்றைக்கும் சொல்கிறார். பார்த்தேன்தான். ஒடுக்கு இருந்தது.

பதக்கப் பைத்தியம் எனக்குப் பிடித்தது அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் ஒரு பழைய பித்தளைக் கடையில். உடைந்த குழாய்களுக்கு நடுவே சிலுவை வடிவில் ஒன்று கிடந்தது. நடுவில் கை உயர்த்தி ஆசீர்வதிக்கும் கிறிஸ்து. மேலே மஞ்சளும் வெள்ளையுமாக நைந்துபோன ஒரு ரிப்பன். நம் கோயில் பங்குச் சாமியாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். திருச்சபைக்கு நீண்ட காலம் உழைத்த சாதாரண ஆட்களுக்கு, அதாவது உபதேசியார், பாடகர் குழு நடத்துபவர், ஞாயிறு வகுப்பு எடுக்கும் டீச்சர் இப்படிப்பட்டவர்களுக்கு, ஆயர் (பிஷப்) எழுதிக் கேட்டால் ரோமிலிருந்து திருத்தந்தை பெயரால் வருகிற பதக்கம் இது என்றார். லத்தீனில் ‘பெனமெரெந்தி’ என்று பெயராம். நன்றாக உழைத்துத் தகுதி பெற்றவருக்கு என்று அர்த்தம்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பழைய சாமான் சந்தை, வீடு காலி செய்கிறவர்கள், யார் யாரிடமோ கேட்டுக் கேட்டு, ஐந்தாறு வருஷத்தில் பத்தொன்பது பதக்கம் சேர்ந்தது. கண்ணாடி அலமாரி செய்தேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு: உலோகம், விட்டம், எடை, எந்தத் திருத்தந்தை காலம். இதற்கும் மேலே இருக்கும் சிலுவைப் பதக்கம், நட்சத்திரப் பதக்கம், வாள் கட்டிக்கொள்ளும் வீரர் பட்டம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்கூட ஒப்பித்தேன். நம் பங்கில் யாராவது என்னை மேடை ஏற்றிப் பேசச் சொல்வார்கள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. (கடைசியில் வேறு இடத்தில் கூப்பிட்டார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.)

நம் பங்குச் சாமியார்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். “ஆவடிப் பக்கம் ஃபிலோமினா டீச்சர்னு ஒருத்தர் இருந்தாங்க. ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி எடுத்தே ஆயுசைக் கழிச்சவங்க. அவங்களுக்கு பெனமெரெந்தி வந்துச்சு. இறந்து ரெண்டு வருஷம் ஆகுது. வீட்டுக்காரர் இருக்கார்னு நினைக்கிறேன்.”

இறந்து ரெண்டு வருஷம் என்ற இடத்தில் ஒரு நல்ல கிறிஸ்தவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். நான் மனதில் இருபதாவது சீட்டை எழுத ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனேன். வீட்டுக்குப் போய் உடை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல், பையில் கையுறையும் வெர்னியரும். டீச்சர் வீட்டை விசாரித்துக் கதவைத் தட்டினேன். மடித்துக் கட்டிய லுங்கியோடு ஒரு பெரியவர் வந்தார். பெயர் மாணிக்கம். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கி மைக்கேல் ஆனவர். கோயில் பதிவேட்டைத் தவிர வேறு எங்கேயும் அந்தப் பெயர் செல்லாது.

“இன்னா நைனா, யாரு நீ?”

“ஐயா, டீச்சரம்மாவுக்கு ரோம்லேந்து வந்த பதக்கத்தைப் பார்க்கணும்.”

“யாரு அனுப்ச்சாங்க?”

“ஃபாதர் ஒருத்தர் சொன்னாருங்க.”

இது பொய் இல்லை. அதுதான் இதில் கெட்ட விஷயம். அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை.

அவர் உள்ளே போனார். திரு இருதயப் படத்துக்குக் கீழே இருந்த பலகையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுத்து வந்தார். பதக்கம் அதற்குள்தான் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மாட்டினேன். அதைப் பார்த்ததும் பெரியவர் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு வெர்னியர்தான் கண்ணில் தெரிந்தது. அளந்தேன். வெளிச்சத்தில் திருப்பினேன். ஃபைலில் கம்பெனிப் படிவம்தான் இருந்தது, அதையே எடுத்து எழுதினேன். பொருளின் பெயர்: பதக்கம். முகப்பில் கீறல்: மூன்று. ஊக்கு: வளைவு. ஓரத்தில் பல் பதிந்தது போல் ஒரு தடம். ரிப்பன்: நிறம் மங்கல், பராமரிப்பு குறைவு. கீழே மூன்று கட்டத்தில் கை தானாகவே ரீவொர்க்கில் டிக் போட்டது.

“இன்னா எய்தினே?” என்றார் பெரியவர்.

“கண்டிஷன் சரியில்லீங்க. இப்படியே விட்டா கெட்டுப்போயிடும். இது இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும்.” (நம் கண்ணாடி அலமாரியைச் சொன்னேன்.) “இதே மாதிரி பத்தொன்பது அங்க வந்து சேர்ந்திருக்கு.”

“அவ பூட்டான்றதால கேக்கறாங்களா?”

“பொதுவா அப்பதான் வருமுங்க.”

“குடுக்கலன்னா அவ பேரு கெட்டுப்பூடுமா? பிஷப் ஹவுஸ்ல அவளப் பத்தி எதுனா தப்பா எய்திடுவாங்களா?”

அந்த நேரத்தில் மருமகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ யாரோ டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்குத் தெரியாத கால்வாசி இங்கேதான் இருக்கிறது. பெரியவர் என்னை ஆயர் இல்லத்து ஆள் என்று நினைத்துக்கொண்டார் என்பது அந்த நொடியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. ‘ஐயையோ, இல்லீங்க’ என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் டீயைக் குடித்தேன். மூன்று வாய். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். மூன்றாவது வாய் இறங்குவதற்குள் அவரே முடிவுக்கு வந்துவிட்டார்.

“ஃபிலோமினா ஒரு நாளும் ரூலை மீறினவ இல்ல. மாணிக்கம் தகராறு பண்ணான்னு நாளைக்கி யாரும் சொல்லக் கூடாது. குட்த்துடறேன். ஆனா இப்டி கவர்ல போட்டு அனுப்ச்சா அவளுக்கு மரியாத இல்ல. அட்த்த ஞாயித்துக்கெழம வா. முறையா குடுக்கறேன். எங்க கையெய்த்து போடணும்?”

என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் படிவத்தைக் காட்டினேன். ‘பராமரிப்பு குறைவு’ என்பதற்கு நேர் கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு வாரம் நான் எப்படி இருந்தேன் என்றால், சந்தோஷமாக இருந்தேன். மறைக்க வேண்டியதில்லை. மனசாட்சி அவ்வப்போது கூப்பிட்டது. நான் அலமாரியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவராகத்தானே நினைத்துக்கொண்டார், நான் சொன்னேனா? நாம் காப்பாற்றவில்லை என்றால் அது பித்தளைக் கடைக்குத்தானே போகும்? இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை போன் வந்தது. “நைனா, ஊட்டம்மாவையும் இட்டுகினு வா.” உங்கள் அம்மாவிடம் டீச்சர் நினைவாக ஏதோ ஜெபக் கூட்டம், என்னையும் மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், பதக்கத்தை அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள் என்றேன். அவள் மாம்பழக் கலர் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். உங்கள் இரண்டு பேரையும் மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அந்த ஒரு புத்திசாலித்தனமாவது அன்றைக்கு இருந்தது.

தெருவுக்குள் வண்டி நுழைய முடியவில்லை. பந்தல். பிளாஸ்டிக் நாற்காலி வரிசை வரிசையாக. டீச்சரின் பெரிய படம், அதற்கு ரோஜா மாலை. மேலே பேனர்:

‘போப்பாண்டவர் பதக்க வழியனுப்பு விழா. சிறப்பு விருந்தினர்: ஆயர் இல்லப் பிரதிநிதி உயர்திரு. ஆரோக்கியம் அவர்கள்.’

உங்கள் அம்மா அண்ணாந்து வாசித்தாள். “என்னங்க, உங்க பேர்லயே இன்னொருத்தர் வர்றார் போலிருக்கு.”

நான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே இருந்தேன். போட்ட ஸ்டாண்டை எடுத்துத் திரும்பவும் போட்டேன்.

“என்னங்க?”

“லில்லி, அப்புறம் சொல்றேன்.”

“அந்த ஆரோக்கியம் யாருங்க?”

அதற்குள் பட்டாசு வெடித்தார்கள். இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்கள். எனக்குப் பொன்னாடை, உங்கள் அம்மா கையில் ஒரு தட்டு நிறையப் பழம். முன் வரிசையில் உட்கார்ந்த பிறகு அவள் உதட்டை அசைக்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் இங்கே எழுதவில்லை.

அந்தத் தெருவில் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும். அந்தக் குழுவுக்கு அன்பியம் என்று பெயர், நம் தெருவிலும் உண்டு. அங்கே பொறுப்பாளர் ஜெசிந்தா என்று ஒரு அம்மாள். மைக்கைப் பிடித்தவுடன் என்னை நேராகப் பார்த்தார்.

“இயேசுவுக்கே புகழ். விருந்தாளியை வரவேற்கிறோம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பதக்கத்துல கீறல் இருக்கு, பராமரிப்பு இல்லன்னு சார் எழுதியிருக்காராம். எப்படிக் கீறல் வந்துச்சுன்னு இங்க இருக்கறவங்க சொல்வாங்க. சார் அதையும் எழுதிக்கிட்டுப் போய் ஆயர்கிட்ட குடுக்கட்டும்.”

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டீச்சர் அந்தப் பதக்கத்தைத் தன் புடவையில் குத்திக்கொண்டது ஒரே ஒரு நாள்தான், வந்த அன்றைக்கு. அதற்கு அடுத்த ஞாயிறிலிருந்து, வகுப்பில் யார் தப்பில்லாமல் ஜெபம் சொல்கிறார்களோ அந்தப் பிள்ளையின் சட்டையில் குத்திவிடுவாராம். வகுப்பு முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளைதான் போப்பாண்டவர் விருது பெற்றவர். பத்து வருஷத்துக்கு மேல் இப்படி. பந்தலில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் அதைக் குத்திக்கொண்டவர்கள்.

முகப்பேரிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்திருந்தாள். “ஊக்கு வளைஞ்சது என்னாலதாங்க. கழட்டித் தர மாட்டேன்னு புடிச்சிக்கிட்டு அழுதேன். இழுத்ததுல வளைஞ்சிடுச்சு” என்றாள்.

லாரி செட்டில் வேலை செய்யும் சார்லஸ் எழுந்து வந்தார். நல்ல ஆகிருதி. மைக் அவர் கையில் பேனா மாதிரி இருந்தது. “அந்தப் பல்லு என்னுது. தங்கமான்னு கடிச்சிப் பாத்தேன். டீச்சர் பாத்துட்டாங்க. அடிப்பாங்கன்னு நெனச்சேன். ‘ருசி எப்பிட்றா கீது?’ன்னு கேட்டாங்க. அட்த்த வாரமும் எனக்கே குத்தி உட்டாங்க.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “சார், அந்தப் பல்லு இங்கதான் இருக்கணும். ரோமுக்கு எல்லாம் போவக் கூடாது.”

கை தட்டினார்கள். உங்கள் அம்மாவும் தட்டினாள்.

ஜெசிந்தா அம்மாள் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஆயருக்கு விண்ணப்பம். பதக்கத்தைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்று. கீழே நான்கு பக்கம் கையெழுத்து. எழுதத் தெரியாத ஒரு சின்னப் பிள்ளை பூ வரைந்திருந்தது.

கடைசியில் மாணிக்கம் ஐயா எழுந்து வந்தார். வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. அவர் மைக்கை வாங்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

“நான் சர்ச்சு உள்ள வர்ற ஆளு இல்ல. அவ உள்ள போவா, நான் வாசல்ல வண்டியில குந்திகினு இருப்பேன். ஆனா ஒரு வேல எனக்கு இருந்துச்சு. சனிக்கெழம ஆனா இந்த ரிப்பன நான்தான் தோய்ப்பேன். பசங்க வேர்வ பட்டிருக்கும்ல, சோப்பு போட்டுத் தோச்சி, நெழல்ல காயவெச்சி குடுப்பேன். கலரு பூட்ச்சுன்னு சார் எய்தினாரு. கரெக்ட்டுதான். தோச்சி தோச்சி பூட்ச்சி. அவ பூட்டப்பறமும் சனிக்கெழம கைக்கு வேல இல்லாம ரெண்டு மூணு தபா தோச்சேன். அதான் இன்னும் கொஞ்சம் பூட்ச்சி. தப்பு என்னுது. அவ மேல எய்தாதீங்க.”

மூக்குக்கண்ணாடிப் பெட்டியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

இப்போது நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. நடந்தது வேறு. என் கை நீண்டது. பெட்டியைத் தொட்டும் விட்டது. அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் திரும்பியது. ஓட்டி வந்தவர் வெள்ளை அங்கி போட்டிருந்தார். அந்தப் பங்கின் சாமியார். அவருக்கு ஆயர் இல்லத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அப்போதுதான், பிள்ளைகளே, என் மனம் திருந்தியது.

மைக்கைப் பிடுங்கினேன் என்றே சொல்லலாம். “நான் திருடன் இல்லீங்க” என்று ஆரம்பித்தேன். அதுவரைக்கும் யாரும் அப்படி நினைக்கவில்லை. அந்த வாக்கியத்துக்கு அப்புறம்தான் எல்லாரும் நினைத்தார்கள்.

“நான் ஆயர் இல்லத்துலேந்து வரலீங்க. எஸ்டேட்ல வேலை. க்வாலிட்டி இன்ஸ்பெக்டர். பதக்கம் சேர்க்கறது எனக்கு ஒரு ஆர்வம். ஐயா தப்பாப் புரிஞ்சிக்கிட்டார்.”

பாருங்கள், அப்போதும் பழியை அவர் மேல்தான் போட்டேன்.

ஜெசிந்தா அம்மாள்தான் முதலில் பேசினார். “அப்ப அந்த ஃபாரம்?”

“கம்பெனி ஃபாரமுங்க.”

“எதுக்கான ஃபாரம்?”

“பம்பு ஷாஃப்டுக்கு.”

“எங்க டீச்சர் மெடலுக்கு பம்பு ஷாஃப்ட் ஃபாரத்துல மார்க் போட்டீங்களா?”

மைக் என் கையில்தான் இருந்தது. “ரீவொர்க்தான் போட்டேன்” என்றேன். ரிஜெக்ட் போடவில்லையே என்று ஆறுதல் சொல்கிற மாதிரி. சார்லஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அந்த நாற்காலி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் மாணிக்கம் ஐயா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என் அருகில் வந்தார். ஒரு அறை நிச்சயம் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராகவும் இருந்தேன்.

“அப்ப ரோம்ல யாரும் கேக்கலியா?”

“இல்லீங்க.”

“பிஷப்பு?”

“அவருக்குத் தெரியவே தெரியாதுங்க.”

அதற்குள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சாமியார் வந்து சேர்ந்தார். பெரியவர் அவர் பக்கம் திரும்பினார். “சாமி, நீங்க கேட்டீங்களா?”

“எதை?” என்றார் சாமியார், பேனரைப் பார்த்தபடி.

பெரியவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “யாரும் கேக்கலியாம்” என்று டீச்சர் படத்தைப் பார்த்துச் சொன்னார். “யாருமே கேக்கலியாம்மே.” சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவருடைய சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்?

ஜெசிந்தா அம்மாள் நடந்ததைச் சாமியாரிடம் சொல்லி முடித்தார். அவர் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், “பாவசங்கீர்த்தனத்தை மைக்ல செஞ்ச ஆளை நான் இப்பதான் பார்க்கிறேன்.”

“என்ன அபராதம் ஃபாதர்?” என்றேன். முழங்கால் போடவும் தயாராக இருந்தேன்.

அதற்குப் பெரியவரே பதில் சொன்னார். “பிரியாணி ஆர்டர் பண்ட்டேன். குந்தி துன்ட்டு போ.”

அதைவிடப் பெரிய அபராதம் கிடையாது. அந்தப் பேனருக்கு நேர் கீழே, என் பெயருக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்டேன். பரிமாறியது சார்லஸ். எலும்பாகப் பார்த்து எனக்குப் போட்டார். உங்கள் அம்மா என்னோடு உட்காரவில்லை. என் தோளிலிருந்த பொன்னாடையை உருவிக்கொண்டு போய்ப் பெரியவருக்குப் போர்த்தினாள். “அண்ணே, அந்த ஆள் என் வீட்டுக்காரர்தான், இல்லன்னு சொல்ல முடியாது. கூட்டிட்டுப் போறதா, இங்கயே விட்டுட்டுப் போறதான்னு நீங்களே சொல்லுங்க” என்றாள். பெரியவர் யோசித்துவிட்டு, “ஊட்டுக்கு இட்டுகினு போம்மா. இங்க இடம் இல்ல” என்றார். பந்தலே சிரித்தது.

திரும்பி வரும்போது ஆவடியிலிருந்து மண்ணூர்பேட்டை வரைக்கும் அவள் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள், என் தோளைப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் நம் வீட்டுக் கதவைத் தட்டினார் மாணிக்கம் ஐயா. வழி விசாரித்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். “பத்தொம்பது கீதுன்னியே, அத்த காட்டு” என்றார். அலமாரியைத் திறந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். உங்கள் அம்மா டீ போட உள்ளே போனதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“நைனா, நான் பஸ்ஸு ஓட்னவன். முன்னாடி ரோட்டயும் பாப்பேன், கண்ணாடியில பின்னாடியும் பாப்பேன். பிஷப் ஹவுஸ்னு நான் சொன்னப்ப நீ டீ குட்ச்சிகினு இருந்தே. நான் பாத்தேன். அன்னிக்கி எனக்குப் புரியல. அப்பால புரிஞ்சுது.”

தரையில் ஒரு டைல்ஸ் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சொல்லிக்காட்ட வர்ல. உனக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும், அவ்ளோதான்” என்றார். பிறகு மேல் வரிசையில் முதல் பதக்கத்தில் விரலை வைத்தார். “இது யாருது?”

உலோகம் சொன்னேன், விட்டம் சொன்னேன், எந்தத் திருத்தந்தை காலம் என்று சொன்னேன்.

“அது இல்ல. யாருது?”

ஷீபா, நீ அப்போது மூன்றாம் வகுப்பு. கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். பெருமையாக, “எல்லாம் எங்க அப்பாவோடது தாத்தா” என்றாய்.

அவர் உன்னைப் பார்த்தார். “அப்டியா கண்ணு? அப்பா இன்னா பண்ணாருன்னு போப்பு குட்த்தாரு?”

நீ என்னைப் பார்த்தாய். நான் அலமாரிக் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு அலமாரியில் புதிதாக எதுவும் சேரவில்லை. இருக்கிறவற்றுக்குத்தான் உரிய ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் மூன்று பெயர்தான் கிடைத்தது: பூந்தமல்லிப் பக்கத்து உபதேசியார் ஒருவர், ஆர்மோனியம் வாசித்தவர் ஒருவர், கோயில் மணியடித்த ஒரு அம்மாள். அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவு திறந்ததும் நான் முதலில் சொல்வது, “என்னை யாரும் அனுப்பலீங்க.” மணியடித்த அம்மாளின் மகன், “அப்ப எதுக்கு சார் வந்தீங்க?” என்று கேட்டுவிட்டுக் கதவைப் பாதி மூடிக்கொண்டார். அவர் கேட்டது நியாயம்தான்.

வீட்டில் எனக்குக் கிடைத்த தண்டனை உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் கடைசி வஞ்சிரத் துண்டுக்கு நான் கை நீட்டினால் உங்கள் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். “என்ன, ரோம்லேந்து ஆர்டர் வந்துடுச்சா?” என்பாள். நீங்கள் இரண்டு பேரும் சோற்றைத் துப்புகிற அளவுக்குச் சிரிப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொள்வேன். சில ஞாயிறுகளில் அவளே அந்தத் துண்டைப் பாதியாகப் பிய்த்து என் தட்டில் வைப்பாள். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மூன்று வாய் டீ ஞாபகம் வரும்.